ஸ்தோத்திரக்காரர் கேட்டது

சபையில் அவருக்கு ஸ்தோத்திரக்காரர் என்று பெயர். பட்டம் கொடுத்தவர் போதகரேதான். வாரம் ஒருநாள் ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். ஒருத்திக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மகனுடைய வேலை, இன்னொருத்திக்கு வீட்டுக்காரர் கொடுக்கும் குடைச்சல். இவர் முறை வந்ததும் எழுந்து சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்கு விண்ணப்பம்னு ஒண்ணும் இல்லீங்க. ஸ்தோத்திரம் மட்டும்தான்" என்பார். சொல்லிவிட்டு அவர் உட்காருகிற தோரணை இருக்கிறதே! மற்றவர்களெல்லாம் திருவோட்டோடு வந்தவர்கள், இவர் ஒருவர்தான் பத்திரிகை வைத்து அழைக்கப்பட்டவர் என்பது போல இருக்கும்.

அகந்தை என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். அவர் கணக்கில் அது மரியாதை. "கை கால் கொடுத்திருக்காரு, மூளை கொடுத்திருக்காரு. அதுக்கு மேலயும் போய் நச்சரிச்சா நல்லாவா இருக்கு?" என்று கேட்பார். இரவு படுக்கப் போகும் முன் அவர் ஜெபம் இவ்வளவுதான்: "ஸ்தோத்திரம், ஆண்டவரே, ஆமென்." குறட்டை அதைவிட நீளமாக வரும்.

மனைவி நேர் எதிர். சாவி காணவில்லையா, இயேசப்பா. பால் திரியப் பார்க்கிறதா, இயேசப்பா. பஸ் வரத் தாமதமா, அதற்கும் அவரேதான். "அவருக்கு வேற வேலையே இல்லைன்னு நினைச்சியா?" என்று இவர் சீண்டுவார். "உங்கள மாதிரி ஆளுங்க ஒண்ணும் கேக்கறதில்லையே, அதனால நேரம் நிறைய இருக்கு" என்பாள் அவள். வாயில் அவளை ஜெயித்தவர் யாருமில்லை.

ஆனால் ஒருமுறை அவள் பதில் பேசாமல் போனாள். வயிற்றில் கட்டி என்று சொல்லி அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. இவர் வெளியே வராந்தாவில், சுவரில் சாய்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, முழங்கால் போட்டு அழுதுகொண்டிருந்தான். இவர் முழங்காலும் போடவில்லை, அழவும் இல்லை. கட்டி புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று தெரிந்து அவளை அறைக்குக் கொண்டுவந்தார்கள். கண் விழித்தவள் முதலில் கேட்டது, "எனக்காக என்ன கேட்டீங்க?" என்றுதான். "நான் எதுவும் கேக்கலையே. அவருக்குத் தெரியாதா?" என்றார் இவர். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தேறி வந்த முதல் ஞாயிறு சபையில் இவர் எழுந்து நின்று நீளமாக ஸ்தோத்திரம் சொன்னபோது அவள் மட்டும் ஆமென் சொல்லவில்லை. அதை அவர் கவனித்தார். கவனித்தும் என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

அவருக்குப் பிழைப்பு கிரேனில். மாடிக்கு மேல் மாடி எழும்புகிற இடத்தில், கட்டிடத்தைவிட உயரமாக ஒற்றை இரும்புக் கோபுரம் நின்று, உச்சியில் நீளமாகக் கையை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். கோபுரத்தின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணி ஏறி அதற்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். கிரேனின் கையோ பிரம்மாண்டம், அவர் தொடுவதோ விரல் நீளத்தில் ஒரு பிடி. அதை வைத்து ஒரு லாரிச் சுமையை உயரத்தில் எடுத்துப்போய், முட்டையை வைப்பது போல வைத்துவிடுவார். கீழே கொத்தனார்களுக்குள் ஒரு கேலி உண்டு. ஏதாவது சிக்கல் என்றால், "மேல இருக்கறவர் பார்த்துக்குவார்" என்பார்கள். சொல்லிவிட்டு வானத்தைப் பார்க்க மாட்டார்கள், கிரேனைப் பார்ப்பார்கள். ஒரு விசுவாசி என்றால் இதைக் கண்டித்திருக்க வேண்டும். இவருக்கோ அதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

மச்சானுக்கும் அங்கேதான் வேலை. தரையில் நின்று, கழுத்தில் தொங்கும் ரேடியோவில், "இறக்கு அத்தான், இன்னும் கொஞ்சம், போதும்" என்று வழி சொல்பவன் அவன். அவன் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வார், தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பிடியை அசைப்பார். கோபுரத்தின் அடியிலேயே செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சிமென்ட் கிடங்கு. அதன் மூலையில் அடுப்பு மூட்டி மனைவி வேலையாட்களுக்கு டீ போட்டுக் கொடுப்பாள். ஆக, குடும்பமே கிரேனின் நிழலில்தான் இருந்தது.

கிரேன்காரர்களுக்குக் காற்று விஷயத்தில் ஒரே சட்டம்தான். காற்று மிஞ்சினால் கிரேனின் கையைப் பிடித்து நிறுத்தக் கூடாது. பிரேக்கை விட்டுவிட வேண்டும். விட்டால், கை தானாகச் சுழன்று காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுவிடும், காற்றும் தன் பாட்டுக்குப் போய்விடும். குறுக்கே பிடித்து நிறுத்தினால் மொத்தக் காற்றும் கையில் மோதும், கோபுரம் அடியோடு சாயும். இது தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். இவரே எத்தனையோ பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

ஆனால் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் புதிதாக ஒரு செல்போன் கம்பம் முளைத்தது. அன்றிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. கையை விட்டால் அது சுழன்று போய்க் கம்பத்தில் இடிக்குமோ? கம்பம் சாய்ந்தால் அங்கே குடியிருப்பவர்கள் கதி? பொறியாளர் ஒரு சின்ன வயசுப் பெண், கெட்டிக்காரி. கருவியை வைத்து அளந்து பார்த்து, "கம்பத்துக்கு மேலாக்கப் போயிடும் அண்ணே, இடிக்காது" என்று சொல்லிவிட்டாள். "நீங்க அளந்தீங்க. நான் அளக்கலையே" என்றார் இவர். தன் கை படாத எதையும் அவர் நம்பியதில்லை. காற்று வந்தாலும் நான் பிடித்துக்கொள்வேன் என்று முடிவு செய்துகொண்டார்.

அன்று சாயங்காலம் புயல்காற்று வரும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். மதியமே பொறியாளர் ரேடியோவில் கூப்பிட்டாள்.

"அண்ணே, போதும், இறங்கி வந்துடுங்க. பிரேக்கை விட்டுட்டு வாங்க."

"இன்னும் ரெண்டு மூணு தூக்குதாம்மா. முடிச்சிட்டு வரேன்."

"காத்து முன்னாடியே வந்துடும்போல இருக்கு அண்ணே."

"வரட்டுமே. எனக்கும் அதுக்கும் இன்னைக்கு நேத்தா பழக்கம்?"

மரமண்டை என்று திட்டத் தோன்றுகிறதா? திட்டலாம், தப்பில்லை. காற்று அவர் சொன்ன நேரத்துக்குக் காத்திருக்குமா என்ன? கடைசிச் சுமையை இறக்கிக் கொக்கியை மேலே ஏற்றுவதற்குள், தெற்கே வானம் தரைவரைக்கும் கறுத்து இறங்கியது. முதலில் சத்தமே இல்லை. பறவைகள் ஒன்றுகூட இல்லை. பிறகு தூரத்தில் தென்னைகளெல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்தன, வரிசை வரிசையாக, அவரை நோக்கி. அடுத்த மூச்சில் கூண்டின் கண்ணாடியில் யாரோ மணலை வாரி அடித்தார்கள்.

அவர் கிரேனின் கையைப் பிடித்து நிறுத்தினார். காற்று தள்ளத் தள்ள, மோட்டாரை எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி ஈடு கொடுத்தார். கொஞ்ச நேரம் முடிந்தது. பார்த்தாயா, முடிகிறது என்று ஒரு குஷிகூட வந்தது. அப்போது ஊர் முழுக்க மின்சாரம் போனது. மின்சாரம் போனால் கிரேனின் பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும். கை காற்றுக்குக் குறுக்கே நீண்டபடி அப்படியே பூட்டிக்கொண்டது. கூண்டில் இருந்த பிடிகளெல்லாம் செத்துப்போயின. கோபுரம் முதல்முறையாக ஓர் ஓசை எழுப்பியது. இரும்பு முனகும் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார், அது அவருடைய முதுகுத்தண்டு வழியாகவே ஏறி வந்தது.

"அண்ணே! கேக்குதா?" பொறியாளரின் குரல் ரேடியோவில் அலறியது. "கூண்டுக்குக் கீழ, மோட்டார் பக்கத்துல, சிவப்பா ஒரு கை நெம்புகோல் இருக்குல்ல? அதை இழுத்துப் பூட்டிடுங்க. பிரேக் விட்டுடும். கம்பம் இடிக்காது, சத்தியமா நான் அளந்திருக்கேன்!"

"முதல்ல எல்லாரும் கிடங்கைவிட்டு வெளிய போங்க!"

"எப்படி அத்தான் போறது?" இது மச்சான். "வெளிய தகரம் தகரமா பறக்குது. தலைய நீட்ட முடியல. எல்லாரும் உள்ளதான் இருக்கோம்." கூடவே, "அக்காவும் இங்கதான்" என்றான்.

காற்று கோபுரத்தைத் தள்ளுகிற திசையில்தான் கிடங்கு இருந்தது. சாய்ந்தால் அதன் தலையில்தான் சாயும். இதைச் சொல்ல அவருக்கு யாரும் தேவையில்லை.

கூண்டின் தரைக்கதவைத் திறந்து, கிரேனின் கை சுழல்கிற இரும்பு வட்டத்தை ஒட்டிய சின்ன மேடையில் இறங்கினார். வெளியே வந்ததும் காற்று அவர் வாயிலிருந்த மூச்சைப் பிடுங்கிக்கொண்டு போனது. தொப்பி போன இடம் தெரியவில்லை. இடுப்புக் கயிற்றைக் கம்பியில் மாட்டி, இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்து அதோடு ஒட்டிக்கொண்டார். கழுத்தில் தொங்கிய ரேடியோ நெஞ்சுக்கும் கம்பிக்கும் நடுவே சிக்கி நசுங்கியது. அதோடு கீழிருந்து வந்த குரல்கள் நின்றன. பொறியாளர் இல்லை, மச்சான் இல்லை. ரேடியோவும் செத்துவிட்டது என்று நினைத்தார்.

நெம்புகோல் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஒரு கையை நீட்டி அதைப் பிடித்துவிட்டார். ஆனால் இழுக்கவில்லை. கை இழுக்க மறுத்தது.

விட்டால் கம்பத்தில் இடிக்கலாம். விடாவிட்டால் கோபுரம் சாயும். இடித்தாலும் சாயும். எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் நடுவில் தனக்குத் தெரியாத ஒன்று வந்து நின்றது. தெரியாது என்ற வார்த்தையை அவர் தன் தொழிலில் சொன்னதே கிடையாது. நிமிர்ந்து பார்த்தார். மேகம் மிகப் பக்கத்தில் இருந்தது. கறுப்பும் பச்சையுமாக, ஒரு முழு ஊர் அளவுக்கு, மெதுவாகத் தலைக்கு மேல் உருண்டுகொண்டிருந்தது. உயரம் என்றால் தான் ஏறியிருக்கிற உயரம்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். அவருடைய கிரேன், அவ்வளவு பெரிய கிரேன், அதற்கடியில் ஒரு குண்டூசி. அந்தக் குண்டூசியின் தலையில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆள். அவருக்கு முழங்கால் இரண்டும் தாமாகவே மடங்கின.

"ஸ்தோத்திரம், ஆண்டவரே..." என்று பழக்கத்தில் வாய் ஆரம்பித்தது. அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் ஆரம்பித்தார். அப்போதும் வரவில்லை. பிறகு கத்தினார். காற்றின் சத்தத்தில் தன் குரலே தனக்குக் கேட்காததால், கூச்சமில்லாமல் தொண்டை கிழியக் கத்தினார்.

"ஆண்டவரே, எனக்குத் தெரியல! என்ன பண்றதுன்னு தெரியல! கீழ அவ இருக்கா. அன்னைக்கு ஆபரேஷன் அன்னைக்கு நான் கேக்கல. மரியாதைக்காகன்னு சொன்னேன், பொய். கேட்டு நீங்க மாட்டேன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்? அந்தப் பயம்தான். பயத்துல கேக்கல. எல்லாத்தையும் நானே பிடிச்சுக்கிட்டிருந்தா யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்ல? இப்ப பிடிக்க முடியல ஆண்டவரே. கேக்கறேன். கெஞ்சிக் கேக்கறேன். அவளைக் காப்பாத்துங்க. உள்ள இருக்கற எல்லாரையும் காப்பாத்துங்க. நான் விடறேன். நீங்க பிடிச்சுக்குங்க!"

இழுத்தார். நெம்புகோல் டக்கென்று போய்ப் பூட்டிக்கொண்டது.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெரிய கை, இத்தனை வருஷம் அவர் சொன்னபடி மட்டுமே அசைந்த கை, அவரைக் கேட்காமல் நகர ஆரம்பித்தது. வேகமாக இல்லை. கோவில் கதவைத் திறப்பது போல ஒரே சீராக, தயக்கமே இல்லாமல் நகர்ந்தது. மேடையும் அவரையும் சேர்த்துக்கொண்டு திரும்பியது. வானம் திரும்பியது, ஊர் திரும்பியது, மழையில் நனைந்த கூரைகளெல்லாம் அவர் காலடியில் சுற்றிப் போயின. கையின் நுனி பக்கத்துக் குடியிருப்பை நோக்கிப் போனது. அவர் கண்ணை மூடவில்லை. மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நுனி கம்பத்தின் உச்சிக்கு மேலாக, தாராளமாக, அந்தப் பெண் அளந்து சொன்னபடியே, தாண்டிப் போனது.

கை காற்றுக்கு முதுகைக் காட்டி நின்ற அந்தக் கணத்தில் கோபுரத்தின் நடுக்கம் நின்றது. அழுகிற பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டதும் அடங்குமே, அப்படி அடங்கியது. காற்று குறையவே இல்லை. அதே காற்று, அதே வேகம், ஊரையே பெயர்த்துவிடுவது போல அலறிக்கொண்டுதான் போனது. ஆனால் இப்போது அது இரும்பின் இரண்டு பக்கமும் வழிந்து போனது. திசை கொஞ்சம் மாறினால் கையும் கொஞ்சம் மாறிக்கொண்டது. எவ்வளவு லேசாக! அவர் இரண்டு கையும் சும்மா இருந்தன. ஒன்றுமே செய்யாமல் அவர் உயிரோடு இருந்தார், கீழே அவளும் உயிரோடு இருந்தாள். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு பெரியவர் தன் குரலுக்குக் காது கொடுத்தாரா!

காற்று ஓயும்வரை ஏணியில் இறங்க முடியாது. கம்பியைக் கட்டிப்பிடித்தபடி மேடையிலேயே உட்கார்ந்தார். ஒருமுறை திறந்த வாய் மூடவில்லை. அவள் நீண்ட ஆயுசோடு இருக்கணும் என்று கேட்டார். அந்தப் பொறியாளர் பொண்ணுக்கு நல்ல சம்பளம் கிடைக்கணும் என்று கேட்டார். மச்சானுக்குக் கல்யாணம் ஆகணும், இந்த வருஷத்துக்குள்ள ஆகணும், வீட்ல அவன் பாட்டுப் பாடறது தாங்கல ஆண்டவரே என்று கேட்டார். சபையில் இத்தனை நாள் மற்றவர்கள் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த மூட்டுவலிக்காரிக்காகக் கேட்டார், வேலை கிடைக்காத பையனுக்காகக் கேட்டார். எனக்குக் கொஞ்சம் பணிவு கொடுங்க என்று கேட்டார். கேட்கக் கேட்க இன்னும் கேட்க இருந்தது. மழையோடு கண்ணீரும் சேர்ந்து வழிந்துகொண்டே இருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே காற்று அடங்கியது. ஏணியில் இறங்கி வந்தார். கிடங்குக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்து, கிரேனின் அடியில் கூட்டமாக நின்றார்கள். கைதட்டுவார்கள், தோளில் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஆனால் கொத்தனார்கள் தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பொறியாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று பதறினார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல அத்தான்." மச்சான் அவர் கழுத்தில் தொங்கிய ரேடியோவைத் தொட்டுக் காட்டினான். "நசுங்கினதுல இதோட பட்டன் அமுங்கியே இருந்துச்சு. பட்டன் அமுங்கியிருந்தா நாங்க பேசறது உங்களுக்குக் கேக்காது. நீங்க பேசறது எங்களுக்குக் கேக்கும்."

"எதெல்லாம் கேட்டுச்சு?"

"எல்லாம்." அவன் தலையைச் சொறிந்தான். "என் பாட்டு வரைக்கும்."

அவருக்குக் காது மடல் சூடேறியது. ஊரறிய ஒருநாளும் எதையும் கேட்காதவர், ஒரு கட்டிட வேலைத்தளம் முழுக்கக் கேட்கும்படி, கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டிருக்கிறார். வழக்கமான ஆளாக இருந்தால் விறைப்பாக ஏதாவது சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பார். விறைப்பைத் தேடிப் பார்த்தார். அது கிடைக்கவில்லை.

கூட்டம் விலகி வழிவிட்டது. கிடங்கின் வாசலில் மனைவி நின்றாள். தலையெல்லாம் சிமென்ட் தூசி, கண் சிவந்து வீங்கியிருந்தது. அவள் எதிரில் போய் நின்றார். என்னென்னவோ சொல்ல நினைத்தார். அந்த ஆபரேஷன் நாளைப் பற்றி, சுவர்ப்பக்கம் திரும்பிய அவள் முகத்தைப் பற்றி. அதையெல்லாம்தான் அவள் கேட்டுவிட்டாளே. கடைசியில் வாயில் வந்தது வேறு.

"கேட்டுக்கிட்டே இருந்தேனா... முடிக்கவே தோணல. ஆமென் சொல்லாமலே இறங்கி வந்துட்டேன்."

அவள் முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள்.

"நான் சொல்லிட்டேன்" என்றாள். "நீங்க கேட்ட ஒவ்வொண்ணுக்கும்."